சுவருக்கு அந்தப் பக்கம்

ஜனவரி 27, திங்கள்

இல்லை, யாரும் என்னைத் துரத்தவில்லை. நானாகத்தான் வெளியே வந்தேன். பதினொன்றாவது பாதியில். படிப்பு ஏறவில்லை, அவ்வளவுதான். இதை எத்தனை தடவை சொன்னாலும் முதலாளி ஞானதுரை அண்ணாச்சி விடுவதில்லை. வண்டியில் தண்ணீர் கேன் ஏற்றும்போதெல்லாம் “ஏன்டா சோலை, படிப்ப விட்ட?” என்று புதுசாகக் கேட்பது மாதிரி கேட்கிறார். இன்றைக்கும் கேட்டார். பிறகு இந்த டைரியைக் கொடுத்தார். அட்டையில் எங்கள் வாட்டர் கம்பெனி பேர் போட்டிருக்கிறது.

“எழுதுடா. நீ பேசுறதுல பாதி பேப்பருக்குப் போனா என் காது பொழைக்கும்.”

சரி, எழுதுகிறேன்.

சாயங்காலம் பஞ்சவர்ணம் அக்கா வந்தது. அடுத்த சந்து. எங்கம்மாவோடு அப்பளக் கம்பெனியில் வேலை. வீட்டுக்காரர் இல்லை. ஒரே பையன், மாயக்கண்ணன், பதினொன்றாவது படிக்கிறான். பள்ளிக்கூடத்தில் அவனை உள்ளே விடவில்லையாம். அடுத்த திங்கட்கிழமை வந்து டி.சி. வாங்கிக்கொள் என்று சொல்லிவிட்டார்களாம்.

என்னிடம் ஏன் வந்தது என்றால், போன வருஷம் எங்கள் சந்தில் ஒரு பிள்ளைக்கு வேறொரு பள்ளிக்கூடத்தில் ஹால் டிக்கெட் தர மாட்டேன் என்றார்கள். அதன் அப்பாவுக்கு ஆபீஸில் நின்றால் நாக்கு ஒட்டிக்கொள்ளும். நான் கூடப் போய்ப் பேசினேன். கொடுத்துவிட்டார்கள். அன்றிலிருந்து பள்ளிக்கூடத்தில் ‘பேரன்ட்ஸைக் கூட்டிக்கிட்டு வா’ என்றால், பேரன்ட்ஸ் என்னைக் கூட்டிக்கொண்டு போகிறார்கள்.

“அப்படி என்னக்கா செஞ்சான்?”

“செவுரு ஏறிக் குதிச்சு மத்தியானம் எங்கிட்டோ போறானாம் தம்பி. கஞ்சா கிஞ்சாவா இருக்குமோன்னு ஈரக்கொலையே நடுங்குது.”

“எங்க போறான்னு அவங்க சொல்லலையா?”

“என்னமோ சொன்னாங்க. எங்க கேட்டேன்? போன உடனே ஹெச்.எம். முன்னாடி அவன நாலு சாத்து சாத்துனேன். அப்புறம் சார் காலப் புடிச்சேன். வெள்ளப் பேப்பர்ல கையெழுத்துப் போடச் சொன்னாங்க, போட்டுட்டு வந்தேன்.”

“வெறும் பேப்பர்லயா?”

“அவங்களே எழுதிக்கிடுறேன்னாங்க.”

எனக்குக் கோபம் தலைக்கு ஏறியது. “எதுக்குக்கா மொதல்ல அடிச்ச?”

என்னைப் பைத்தியக்காரனைப் பார்க்கிற மாதிரி பார்த்தது. “நம்ம மொதல்ல அடிச்சாத்தான் தம்பி, சாரே ‘விடுங்கம்மா, போதும்’னு சொல்வாரு. அதோட முடிஞ்சு போயிரும். எல்லாரும் அப்படித்தான செய்றாங்க? ஒங்கம்மாகூட…”

“சரி சரி, திங்கக்கெழம வர்றேன்” என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.

ஜனவரி 28, செவ்வாய்

பின் டயர் பஞ்சர். வேறு ஒன்றும் இல்லை.

ஜனவரி 29, புதன்

மாயனைப் பிடித்தேன். ரயில்வே கிரவுண்டில் சின்னப் பையன்களுக்கு அம்பயரிங் பண்ணிக்கொண்டு நின்றான். குச்சிக் கால், குச்சிக் கை. சட்டைக்குள் ஆள் இருக்கிறானா என்று தேட வேண்டும்.

“எங்கடா போற மத்தியானத்துல?”

“சும்மாண்ணே.”

“சும்மா போறவன் எதுக்குடா செவுரு ஏறணும்? கஞ்சாவா?”

“ச்சீ.”

“பொண்ணா?”

“பொண்ணா! என் மூஞ்சியப் பாத்துட்டுக் கேளுண்ணே.”

அது நியாயம்தான். வேறு பக்கமாகப் போனேன். “என்னிக்கெல்லாம் குதிச்ச? தெனமுமா?”

“இல்லண்ணே. எப்பவாச்சும். மார்கழி பூரா ஒரு நாள்கூடக் குதிக்கல. வேணும்னா பி.டி. சார்ட்டக் கேளு.”

மார்கழி பூரா குதிக்கவில்லை. தை பிறந்ததும் குதித்திருக்கிறான். பள்ளிக்கூடத்துப் பின்பக்கச் சுவருக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியாதா? கல்யாண மண்டபத்துக் கை கழுவுகிற இடம்.

“யூனிஃபார்மோடயாடா போன? எவனாவது யூனிஃபார்மோட பந்தியில உக்காருவானா?”

அவன் வாய் திறந்தபடி நின்றான். கிரவுண்டில் எல்.பி.டபிள்யூ. கேட்டுக் கத்துகிறார்கள், இவன் காதில் விழவில்லை.

“பேட்ஜக் கழட்டிட்டுத்தாண்ணே போனேன்.”

“கிழிச்ச. உள்ள ஒரு கலர் டீ சர்ட்டு போட்டுக்கிறணும். செவுத்து மேலயே சட்டையக் கழட்டி சுருட்டிக்கிறணும். யாராவது கேட்டா என்ன சொன்ன?”

“பொண்ணு வீடுன்னு.”

“அங்கதான் மாட்டுன. பொண்ணு வீட்டுக்காரன்தான் பந்திய கவனிப்பான். அவன் சொந்தக்காரன அவனுக்குத் தெரியாதா? மாப்பிள்ளை வீடுன்னு சொல்லணும். அதுக்கு மேல ஒரு வார்த்த கேக்க மாட்டான். ரெண்டு அப்பளம் சேத்து வைப்பான்.”

“உனக்கு எப்படிண்ணே இதெல்லாம்?”

“மண்டபத்துக்கு கேன் போடுறேன்ல. பாக்குறதுதான்.”

அப்புறம் எல்லாம் கொட்டிவிட்டான். ஒன்றாவதிலிருந்து பத்தாவது வரைக்கும் சத்துணவு சாப்பிட்டவன். பதினொன்றாவதுக்குச் சத்துணவு கிடையாது. அது அவன் அம்மாவுக்குத் தெரியாது. பள்ளிக்கூடம் என்றால் சோறு போடுவார்கள் என்று நினைத்துக்கொண்டிருக்கிறது. அது படித்ததில்லை, யாரும் சொன்னதும் இல்லை. விடிவதற்கு முன்னால் கம்பெனிக்குப் போகிறது. காலையில் இவன் குடிப்பது நேற்றைய கஞ்சி. சாயங்காலம் “சாப்பிட்டியாடா?” என்று கேட்கும். “சாப்பிட்டேன்மா, இன்னிக்கு முட்ட” என்று சொல்லியிருக்கிறான். ஜூனிலிருந்து.

“சொல்லித் தொலைய வேண்டியதுதான? சோறு கட்டித் தராதா?”

“தரும்ணே. அதுக்கும் சேத்து எந்திரிக்கும். அப்பளம் தேச்சுத் தேச்சு ரெண்டு கையும் வீங்கிக் கெடக்கு. ராத்திரி விரல மடக்க முடியாது. நான்தான் எண்ண போட்டு நீவி விடுறேன். அதுகிட்டப் போய் எனக்கும் சேத்துப் பொங்குன்னு சொல்லவா?”

கிளம்பும்போது கையைப் பிடித்துக்கொண்டான். “அம்மாட்ட மட்டும் சொல்லிராதண்ணே. டி.சி. குடுத்தாலும் பரவால்ல.”

சொல்ல மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். முட்டாள்தனம். உண்மையைச் சொல்லாமல் டி.சி.யை எப்படி நிறுத்துவது? பாதி வருஷத்தில் டி.சி. வாங்கினவனை எந்தப் பள்ளிக்கூடத்திலும் சேர்க்க மாட்டார்கள். அப்புறம் என்ன, என்னோடு சேர்ந்து கேன் தூக்க வேண்டியதுதான்.

அவனால் கேன் தூக்க முடியாது. கேன்தான் அவனைத் தூக்கும்.

ஜனவரி 31, வெள்ளி

மண்டபத்தில் கல்யாணம், கேன் அதிகம். மேனேஜரிடம் மெதுவாகக் கேட்டேன், ஒரு பையன் சாப்பிட்டதற்கா புகார் கொடுத்தீர்கள் என்று.

“சாப்பிட்டுட்டுப் போறான், எனக்கென்ன? பொண்ணோட தாய்மாமன் பக்கத்துல உக்காந்து வீடியோவுல விழுந்துட்டான்யா. அந்த ஆளு வீடியோவக் கொண்டாந்து எங்கிட்ட சண்ட. ‘எங்க வீட்டுக் கல்யாணத்துல எவன்யா இவன் சேமியாப் பாயசத்த மூணாவது தடவ வாங்குறான்?’னு. நான் ஹெச்.எம்.முக்கு போனப் போட்டேன். இப்படி ஆகும்னு நான் கண்டேனா?”

பள்ளிக்கூடத்துக்கும் கேன் போட்டேன். பதினொன்றாம் வகுப்பு வராந்தாவில் வைக்கிற கேன்தான் எப்போதும் முதலில் காலியாகும். இன்றைக்கும் அப்படித்தான்.

பிப்ரவரி 1, சனி

அக்கா வீட்டில் ஒத்திகை. நான் ஹெச்.எம். காலி கேன் மேஜை. மாயனை வெளியே அனுப்பிவிட்டோம்.

மூன்றே விஷயம்தான் சொல்லிக் கொடுத்தேன். உட்காரணும். அடிக்கக் கூடாது. கேட்கணும்.

“உக்காருக்கா.”

“சார் உக்காரச் சொல்லலையே தம்பி.”

“சொல்ல மாட்டாரு. நீயா உக்காரணும்.”

“நான் உக்காந்து அவரு நின்னுக்கிட்டு இருந்தா?”

“அவரு ஏற்கெனவே உக்காந்துதான்க்கா இருப்பாரு!”

சிரித்தது. அப்புறம் உட்கார்ந்தது, தரையில். கையைப் பிடித்து எழுப்பி ஸ்டூலில் உட்கார வைத்தேன். அந்தக் கை அடுப்பில் வைத்த பாத்திரம் மாதிரி சூடாக இருந்தது.

“இப்ப கேளு. ‘சார், எம்புள்ள என்ன செஞ்சான்? முழுசாச் சொல்லுங்க.’”

“கேட்டா திமிருன்னு நெனைக்க மாட்டாரா?”

“பெத்தவ கேக்குறது திமிராக்கா? அத கேக்காம அடிக்கிறதுதான்…”

நிறுத்திக்கொண்டேன். அது தலையைக் குனிந்துகொண்டே திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்தது. என்ன செஞ்சான், முழுசாச் சொல்லுங்க. என்ன செஞ்சான், முழுசாச் சொல்லுங்க. அடுப்பு ஊதும்போதும் உதடு அசைந்தது.

நான் யாரிடமும் எதையும் சொல்லவில்லை. மாயனுக்குக் கொடுத்த வாக்கு அப்படியேதான் இருக்கிறது. அக்கா கேட்கும், ஹெச்.எம். சொல்லுவார். அதற்கு நான் என்ன செய்ய முடியும்?

நல்லாவே தெரிகிறது, இது அயோக்கியத்தனம்தான். வேறு வழி தெரியவில்லை.

பிப்ரவரி 2, ஞாயிறு

அம்மா தலைக்குக் குளித்துவிட்டு வாசலில் உட்கார்ந்து கேட்டாள், “பஞ்சவர்ணத்துக்குத் துணையாவா போற? நீயா அந்தப் பள்ளிக்கூடத்துக்குள்ள போற?”

வாரா வாரம் கேன் தூக்கிக்கொண்டு உள்ளே போகிறவன்தானே என்றேன்.

“அது வேற” என்றாள்.

பிப்ரவரி 3, திங்கள்

அக்கா கல்யாணத்துக்குப் போகிற சேலை கட்டிக்கொண்டு வந்திருந்தது. கம்பெனிக்கு லீவு. மாயன் நாங்கள் இரண்டு பேரும் பேசுவதையே பார்த்துக்கொண்டு வந்தான். அவன் கண்ணை நான் பார்க்கவில்லை.

ஹெச்.எம். அறையில் அதே பச்சைத் துணி மேஜை. பக்கத்தில் பி.டி. சார், கழுத்தில் விசில். அக்கா நேராகப் போய் நாற்காலி நுனியில் உட்கார்ந்துவிட்டது. உட்கார்ந்தோமா என்று அதற்கே சந்தேகம், கையால் நாற்காலியைத் தடவிப் பார்த்துக்கொண்டது.

“நீ யாரு?” என்றார் ஹெச்.எம்.

“அண்ணன் சார்.”

“இவனுக்கு ஏது அண்ணன்?”

“சந்துக்கு அண்ணன் சார்.”

பி.டி. சார் சிரித்தார். “இவனத் தெரியலையா சார்? சோலைராஜ். நீங்க வர்றதுக்கு முன்னாடி இங்க படிச்சவன். இதே லெவன்த், இதே செவுரு. இவங்கம்மா வந்து இந்த ரூம்லதான் வெளுத்துச்சு. மறுநாள்ல இருந்து ஆளக் காணோம். இப்ப நியாயம் பேச வந்துட்டான்.”

அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தது. நான் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தேன்.

மாயனை முன்னால் நிற்கச் சொன்னார்கள். அவன் அம்மா பக்கத்தில் போய் நின்றதும் அக்காவின் கை தானாக எழுந்தது. மாயன் கண்ணை மூடிக்கொண்டான். கை பாதி வரைக்கும் போய் நின்றது. அக்கா அதை இறக்கி மற்றக் கைக்கு அடியில் வைத்து அழுத்திக்கொண்டது.

“சார், எம்புள்ள என்ன செஞ்சான்? முழுசாச் சொல்லுங்க.”

“அன்னிக்கே சொன்னேனேம்மா.”

“அன்னிக்கு நான் அடிச்சுக்கிட்டு இருந்தேன் சார். காதுல விழுகல.”

ஹெச்.எம். கண்ணாடியைக் கழற்றினார். மோசமான ஆள் இல்லை, களைத்த ஆள். “மத்தியானம் செவுரு ஏறிக் குதிச்சிருக்கான். பின்னாடி மண்டபத்துக்குள்ள போயிருக்கான். யாரு வீட்டுக் கல்யாணம்னு தெரியாது, பந்தியில உக்காந்துட்டான்.”

“உக்காந்து?”

“சாப்பிட்டிருக்கான்.”

“சாப்பிட்டு?”

“திரும்பி வந்து க்ளாஸ்ல உக்காந்திருக்கான். ஒரு தடவ இல்லம்மா, பல தடவ.”

“வேற?”

“வேற என்னம்மா வேணும்? ஸ்கூல் பேரே கெட்டுப் போச்சு.”

“கஞ்சா இல்லையா சார்?”

“அதெல்லாம் இல்ல.”

அக்காவுக்கு அப்போதுதான் மூச்சே வந்தது. முகமே மலர்ந்துவிட்டது. பையன் பக்கம் திரும்பி, வைகிற குரலில்தான், ஆனால் உள்ளுக்குள் சிரிப்போடு, “ஏன்டா கூறு கெட்டவனே, பள்ளிக்கூடத்துல இவங்க சோறு போடுறாங்க, முட்ட போடுறாங்க. அத விட்டுட்டு எவன் வீட்டுப் பந்திக்கோ எதுக்குடா போற? நாக்கு கேக்குதோ?” என்றது.

ஹெச்.எம். பக்கம் திரும்பியது.

“நீங்களே சொல்லுங்க சார். இங்க போடுற சோறு நல்லாத்தான இருக்கு? பத்து வருஷமா அதத்தான தின்னு வளந்தான். இப்ப மட்டும் என்னவாம்?”

ஹெச்.எம். பி.டி. சாரைப் பார்த்தார். பி.டி. சார் விசிலைப் பிடித்துக்கொண்டு தரையைப் பார்த்தார். பையன் மத்தியானம் எதைச் சாப்பிடுவான் என்று இதுவரை அவர்கள் இரண்டு பேருக்குமே தோன்றவில்லை என்று நினைக்கிறேன்.

“அம்மா,” என்றார் ஹெச்.எம். கடைசியில், “சத்துணவு பத்தாவதோட சரிம்மா. லெவன்த்துக்குக் கிடையாது.”

“கெடையாதுன்னா?”

“போட மாட்டோம்மா.”

அக்கா அதைப் புரிந்துகொள்ள நேரம் எடுத்தது. பிறகு மெதுவாக மாயன் பக்கம் திரும்பியது.

“அப்ப முட்டன்னு சொன்னது?”

அவன் பேட்ஜை நேராக்கிக்கொண்டான்.

“கல்யாணம் இல்லாத அன்னிக்கு?”

“தண்ணி குடிச்சுக்கிருவேன்மா.”

அந்தத் தண்ணீர் நான் போடுகிற தண்ணீர்.

அக்கா அழும் என்று நினைத்தேன். அழவில்லை. எழுந்தது. காலில் விழப் போகிறது என்று பயந்து ஒரு எட்டு முன்னால் வைத்தேன். அது விழவில்லை. மேஜையைப் பிடித்துக்கொண்டு நின்றது.

“சார், கூப்புடாத வீட்டுல சாப்பிட்டது தப்புதான். அந்தக் கல்யாண வீட்டுக்காரங்க எங்க இருக்காங்கன்னு சொல்லுங்க, நான் போய்ப் பேசிக்கிறேன். ஆனா அது என் தப்பு சார், அவன் தப்பு இல்ல. என் கையெழுத்துப் போட்ட வெள்ளப் பேப்பரக் குடுங்க.”

இது நான் சொல்லிக் கொடுக்காதது.

பி.டி. சார், “அதெல்லாம் ஆபீஸ் ரெக்கார்டும்மா” என்று ஆரம்பித்தார். “எடுத்துக் குடுங்க சார்” என்றார் ஹெச்.எம். அவர் எடுத்துக் கொடுத்தார். இன்னும் வெள்ளையாகத்தான் இருந்தது. அக்கா அதை நாலாக மடித்து ஜாக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டது.

“நாளைக்கு க்ளாஸுக்கு வரட்டும்” என்றார் ஹெச்.எம். “டி.சி.யெல்லாம் இல்ல. செவுரு மட்டும் ஏறக் கூடாது.”

வெளியே வேப்பமரத்தடியில் மாயன் என் முன்னால் வந்து நின்றான். “நீதாண்ணே சொல்லிக் குடுத்துருக்க” என்றான். “நான் சொல்லவே இல்லடா” என்றேன். “போண்ணே” என்று சொல்லிவிட்டு விறுவிறுவென்று போய்விட்டான். அக்கா அவன் பின்னாலேயே ஓடியது. கல்யாணச் சேலை தடுக்கத் தடுக்க.

பிப்ரவரி 4, செவ்வாய்

மாயன் பேசவில்லை. வராந்தாவில் கேன் வைக்கும்போது என்னைத் தாண்டிப் போனான்.

பி.டி. சார் வந்து நின்றார். கேனைத் திருப்பி மாட்டுகிற வரைக்கும் நின்றுகொண்டே இருந்தார். “அப்ப நீயும் அதுக்குத்தான் ஏறுனியாடா?” என்றார்.

“எனக்குப் படிப்பு ஏறல சார்” என்றேன்.

பிப்ரவரி 6, வியாழன்

மாயன் பேசினான். பேசினான் என்றால், கேட் பக்கத்தில் என் வண்டியை மறித்து ஒரு டப்பாவைத் திறந்து காட்டினான். புளிச்சோறு. மேலே ஒரு அப்பளம், உடைந்தது.

“நாந்தாண்ணே செஞ்சேன். அம்மா சொல்லச் சொல்ல. அதக் கிட்டயே விடல.”

“உப்பு பாத்தியா?”

“நீ பாரு.”

வண்டியில் உட்கார்ந்தே ஒரு வாய் தின்றேன். உப்பே இல்லை. “சூப்பர்டா” என்றேன்.

“மாப்பிள்ளை வீட்டுக்காரரு சொன்னாச் சரிதான்” என்றான், நாய்ப் பயல்.

பிப்ரவரி 8, சனி

மத்தியானம் பாதி லைனில் இருக்கும்போது அண்ணாச்சி போன். “ஒங்கம்மா கடைக்கு வந்துச்சுடா. ஒன்ன வீட்டுக்கு அனுப்பச் சொல்லிட்டுப் போயிருச்சு. போ, மிச்சத்த நான் பாத்துக்கிறேன்.” அவர் படிப்பைப் பற்றிக் கேட்கவில்லை. இன்றைக்குத்தான் முதல் தடவை.

வந்து பார்த்தால் அம்மா கம்பெனிக்கு அரை நாள் லீவு போட்டிருக்கிறாள். அரை நாள் லீவு என்றால் அந்தச் சூப்பர்வைசர் என்ன பேசுவான் என்று எனக்குத் தெரியும். அடுப்பில் சாம்பார் கொதிக்கிறது. சின்ன வெங்காயம் போட்டது. பக்கத்தில் பாயசம்.

“யாருக்கும்மா கல்யாணம்?” என்றேன்.

கரண்டியைக் கிண்டிக்கொண்டே இருந்தாள். கம்பெனியில் பஞ்சவர்ணம் அக்கா பக்கத்துப் பலகை. எல்லாம் பேசியிருக்கும். பி.டி. சார் சொன்னதையும் சேர்த்து. நான் முற்றத்துச் சுவரில் சாய்ந்து இதை எழுதிக்கொண்டிருக்கிறேன். அவளும் நான் எழுதுகிறேன் என்பதால் பேசாமல் இருக்கிற மாதிரி இருக்கிறாள்.

இப்போதுதான் கேட்டாள், முதுகைக் காட்டிக்கொண்டே. “எந்தக் கன்னம்டா?”

“எது?”

“அன்னிக்கு. அந்த ரூம்ல.”

“எனக்கு ஞாபகம் இல்லம்மா.”

இடது.

அப்பளம் பொரிகிற வாசனை வருகிறது. எட்டிப் பார்த்தேன். தட்டு வைக்கவில்லை, இலை போட்டிருக்கிறாள். எதிரும் புதிருமாக இரண்டு இலை. தண்ணீர் தெளித்துவிட்டு, தன் இலை முன்னால் உட்கார்ந்து, கையை மடியில் வைத்துக்கொண்டு காத்திருக்கிறாள். நான் போகாமல் அவள் கை வைக்க மாட்டாள். என் இலையில் அப்பளம் மூன்று.

“வாடா, ஆறுது” என்கிறாள்.

போகணும்.